ஒரு கைக்கு ஒரே கயிறு

சாளை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது சந்தையில் மூன்று மணிக்கட்டுகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

மீன்காரர் சந்தனராஜ் தராசைக் கீழே வைத்தார். கடைக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த விளம்பரப் பலகையை அணைத்தார். எதிர்க்கடையில் நூல் பார்த்துக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியை தன் சால்வையைத் தரையில் விரித்தார். கிளாரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சால்வையின் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று அமலி தன் கூடையை ஜெசிந்தாவிடம் நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாமியார் கிளாரம்மாவிடம் கொடுத்தாள். பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். வலிப்பு வந்தது.

யாரும் கத்தவில்லை. யாரும் அவள் கைகால்களை அமுக்கிப் பிடிக்கவில்லை. வாயில் எதையும் திணிக்கவில்லை. தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்று வந்தது. ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போவோர் வருவோர் சால்வையை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். ஒருவரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கியது.

"ஒண்ணுமில்லம்மா. சந்தையிலதான் இருக்கோம். நாங்க எல்லாரும் இருக்கோம்" என்று கிளாரம்மா அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். அப்படியே தலையை நிமிர்த்தி, "சந்தனராஜு, அந்த விலைக்கு நான் எடுக்க மாட்டேன் கேட்டியா" என்றாள்.

முத்துக்குழியில் அது ஒரு சாதாரணக் காலை. ஜெசிந்தா இரு கைகளிலும் இரண்டு கூடைகளோடு நின்றாள். அவளுடைய மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மன்னார் வளைகுடாவின் அடியில் கட்டிய நகரம் அது. அங்கே அடைத்து வைத்த அழுத்தக் காற்று சிலருடைய மூளையில் எளிதாக மின்புயலைக் கிளப்பியது. பத்தில் ஒருவருக்கு வலிப்பு. அவர்களின் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு முன்னுணரி இருக்கும். புயல் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அது அறிந்து உடையவருக்குச் சொல்லும். அவருக்குத் துணையாக இருக்கும் ஐந்து பேரின் கைப்பட்டிகளை அதிரவைக்கும். கைப்பட்டிக்கு ஊரில் வேறு பெயர். கயிறு.

பழைய முத்துக்குளிப்பிலிருந்து வந்த பெயர். அந்த நாளில் குளிப்பவர் கடலுக்குள் இறங்கினால், படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மைத்துனராக இருப்பாராம். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டார் என்று கணக்கு. அந்த வழக்கத்தை வைத்துத்தான் முத்துக்குழியிலும் புகுந்த வீட்டார் முதலில் கயிறு பிடிக்க வேண்டும் என்றார்கள். இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. கேட்டவருக்குக் கயிறு உண்டு, யாரும் அத்தாட்சி கேட்கக் கூடாது. ஒரு கைக்கு ஒரே கயிறு, இரண்டு உயிரை ஒரு கையில் பிடிக்கக் கூடாது.

அமலியின் கயிற்றில் அவள் கணவன் லெயோன், மாமியார், ஆசிரியை, சந்தனராஜ், அப்புறம் லெயோனின் அண்ணன் சூசைராயன். சூசைராயன் ஜெசிந்தாவின் கணவன்.

"நீயும் பட்டி கட்டிக்கிட்டா அடுப்பை யாரு பாப்பா? வீட்ல ஒரு கையாவது சும்மா இருக்கணும்" என்று கல்யாணமான புதிதில் கிளாரம்மா சொல்லியிருந்தாள். அந்தச் சும்மா இருக்கும் கைதான் இத்தனை வருடமாகப் கடற்பாசி மாவு பிசைந்து இடியாப்பம் பிழிகிறது.

ஜெசிந்தாவால் தாங்க முடியாதது வலிப்பு நேரமல்ல. காலை நேரம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதால், கயிறு பிடிப்பவர்கள் எழுந்ததும் முதலில் ஒன்று கேட்பார்கள். காப்பிக்கு முன்பே கேட்பார்கள்.

"அமலி, தூங்குனியாம்மா?"

கேட்பது சூசைராயன். கரகரத்த குரல், ஆனாலும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அதில் ஈரம் வந்துவிடும். அடுத்து மாமி. அடுத்து வாசலில் தலைநீட்டும் ஆசிரியை. அமலி கொட்டாவி விட்டபடி, "தூங்குனேன் அத்தான், கனவுல கூட உங்க தம்பி குறட்டைதான்" என்பாள். வீடே சிரிக்கும். அடுக்களையில் ஜெசிந்தா இடியாப்ப உழக்கை அழுத்திக்கொண்டே நிற்பாள். அவள் தூங்கினாளா என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அமலி கெட்டவளாக இருந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவள் ஓடி ஓடி வந்து, "அக்கா, நான் பிழியுதேன், நீங்க உக்காருங்க" என்பாள். உடனே மாமி, "நீ வேண்டாம் தாயீ, சூடு பட்டுரும்" என்பாள். தன் கையில் சூடு பட்ட தழும்புகளை ஜெசிந்தா பார்த்துக்கொள்வாள்.

நாத்தனார் பிலோமியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்ல எத்தனை கயிறு?" என்பதுதான். கயிறுள்ள வீடு என்றால் நாலு பேர் வந்து போகிற வீடு. ஆபத்துக்கு ஆள் உள்ள வீடு. கயிறில்லாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"ஒண்ணு" என்று கிளாரம்மா அமலியின் தோளில் கை போட்டாள்.

"ஒண்ணுதானா" என்றாள் அந்த அம்மாள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்கள். ஜெசிந்தா காப்பித் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள். அவளை யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை.

அடுத்த நாள் அவள் கயிறு பதிந்து கொடுக்கும் கயிறகத்துக்குப் போனாள். அங்கே சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. உள்ளே துருப்பிடித்த சாவிக்கொத்து. முன்பு கரையில் வலிப்பு வந்தவர் கையில் இதைத்தான் திணிப்பார்கள் என்று கீழே எழுதியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. மேசையில் இருந்த பெண்ணிடம் போனாள்.

"எனக்கும் வருது" என்றாள்.

"எப்ப வருதும்மா?"

பகலில் என்றால் யாராவது பார்த்திருப்பார்களே. "தூக்கத்துல" என்றாள்.

கயிறகத்துப் பெண் அத்தாட்சி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாள் தனியாவா இருந்தீங்க?" என்றாள். அதைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

அன்று வீட்டில் அவளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். சூசைராயன் அவள் காதுக்குப் பின்னாலிருந்த சின்னத் தையலைத் தொட்டுப் பார்த்தான். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றான். அவன் அமலியின் கயிற்றை அவிழ்த்து ஜெசிந்தாவின் கயிற்றைக் கட்டிக்கொண்டான். கிளாரம்மாவும் அப்படியே செய்தாள். பிலோமி புதிதாகக் கட்டிக்கொண்டாள். ஒரு கைக்கு ஒரே கயிறு. அமலிக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"எனக்கு மூணு பேரு போதும். அக்காவுக்கு நானும் பிடிக்கேன்" என்று அமலி கையை நீட்டினாள். பிடிக்கப்படுபவரும் பிடிக்கலாம், விதி தடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போனது. இரண்டு கயிறு என்றதும் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அந்தக் கேள்வி அவளைத் தேடி அடுக்களைக்கே வந்தது. "தூங்குனியா ஜெசி?" என்றான் சூசைராயன். அவள் அதற்காக ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். எத்தனை தடவை புரண்டாள், எப்போது தண்ணீர் குடித்தாள் என்று நீளமாகச் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான்.

சில நாட்கள் அவளுக்கு அது பாயசம் மாதிரி இனித்தது. அப்புறம் ஒரு காலையில் அவள் கவனித்தாள்: மாமி பழக்கதோஷத்தில் முதலில் அமலியைத்தான் கேட்கிறாள். கணவன் இரண்டு பேரையும் கேட்கிறான், ஆனால் அமலியைக் கேட்கும்போது ஈரம், தன்னைக் கேட்கும்போது கடமை. சந்தனராஜ் அமலிக்கு மட்டும் நெத்திலி கொசுறு போடுகிறார். முன்பு பட்டினி கிடந்த பொறாமை இப்போது பந்தியில் உட்கார்ந்து அடுத்த இலையைப் பார்த்தது.

அமலியின் முகம் வீங்கியிருந்ததையும் ஜெசிந்தா கவனித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "தூங்குனியா?" என்று கேட்டால், "ம்ம், தூங்குனேன்" என்று மட்டும் சொல்கிறாள், வேடிக்கைப் பேச்சு இல்லை. கவனத்தை இழுக்க வேஷம் போடுகிறாள் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். வேஷம் என்ற சொல் அவள் மனதில் அவ்வளவு சுலபமாக வந்தது.

அன்று பகல்விளக்குகள் முழு வெளிச்சத்தில் இருந்தன. மாமியும் பிலோமியும் கல்யாணத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். சூசைராயன் காற்றுக்குழாய் வேலையில், லெயோன் நகரச் சுவருக்கு வெளியே, கடலில். அமலி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முன்னுணரி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். துருவியைத் தள்ளி வைத்தாள். ஆனால் படுக்க நேரம் கிடைக்கவில்லை. அப்படியே சரிந்தாள்.

வீட்டில் ஒரு பட்டியும் அதிரவில்லை. அதிர வேண்டிய இரண்டு பட்டிகள் ஜெசிந்தாவின் பெயரில் வேறெங்கோ அமைதியாக இருந்தன.

ஜெசிந்தா துருவியைக் காலால் இன்னும் தள்ளினாள். அமலியின் தலை தரையில் மோதாமல் தன் மடியைக் கொடுத்தாள். இடப்பக்கம் திருப்பினாள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினாள். எல்லாம் சந்தையில் கூடையோடு நின்று பார்த்துப் பழகியது. கடிகாரத்தைப் பார்த்தாள். நிற்க வேண்டிய நேரத்தில் வலிப்பு நிற்கவில்லை. மூன்று நிமிடம். நான்கு.

"ஏட்டி அமலி, போதும்ட்டி. வந்துரு. வந்துரு."

ஐந்தைத் தொட்டபோது சந்தனராஜ் செதிள் ஒட்டிய கையோடு ஓடிவந்தார். இடுப்பிலிருந்த மருந்துத் தெளிப்பானை அவள் மூக்கில் அழுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"இவ்வளவு நேரம் இவளுக்கு வந்ததே கிடையாது. தூக்கமில்லையா பிள்ளைக்கு?"

"தூங்குனேன்னுதான் சொன்னா."

"எங்க தூங்க? உங்களுக்கு ராத்திரியில வருதுன்னு, தினம் உங்க அறை வாசல்ல உக்காந்திருக்காளாம். டீச்சர் பாத்துட்டு சத்தம் போட்டாங்க. பட்டி அதிர்ந்து எழும்ப நேரமாயிட்டா அக்கா தனியா கெடப்பாங்களேன்னு சொன்னாளாம்."

ஜெசிந்தா அமலியின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பயமில்லை, தூங்கவிடுங்கள் என்று சொல்லிப் போனார். சந்தனராஜும் கடைக்குப் போனார். துணிப்பைகளோடு மாமியும், வேலையிலிருந்து சூசைராயனும், கடலுடை ஈரம் காயாமல் லெயோனும் வந்து சேர்ந்தபோது அமலி கண் திறந்தாள். பார்வை இங்குமங்கும் அலைந்து ஜெசிந்தாவிடம் நின்றது.

"அக்கா… தூங்குனீங்களா?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் ஜெசிந்தா. குரல் அடங்கவில்லை. "வலிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொய் சொன்னேன். என்னையும் யாராவது கேக்கணும்னு சொன்னேன்."

அடிப்பார்கள், ஏசுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். லெயோன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிளாரம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். நடைவழியை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"மெதுவாப் பேசுட்டி. சுவருக்கும் காது உண்டு" என்றாள். "இது இந்த வாசல் தாண்டப்பிடாது. பிலோமிக்குத் தாம்பூலம் மாத்தியாச்சு. ரெண்டு கயிறுன்னு சொல்லித்தான் மாத்துனோம். ஒண்ணுக்கு ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"டாக்டர்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றான் சூசைராயன். "யாராவது கேட்டா, மருந்துல கட்டுப்பட்டிருக்குன்னு சொல்லிக்கலாம்."

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் தெரிஞ்சாலும் தாலி கழுத்துல இருக்கும்" என்றாள் கிளாரம்மா.

அமலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மருந்து மயக்கத்தில் தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "உடம்பைப் பத்தின விஷயத்தைப் போயி யாராவது மறைப்பாங்களா?" என்றாள்.

கிளாரம்மா தாழை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். மூழ்கிப்போன கரையில், ஒரு காலத்தில் அமலி போன்ற பெண்களின் வீட்டுக் கதவுகள் இதே பேச்சோடுதான் சாத்தப்பட்டன என்பது அவர்களுக்குத் தெரியாது. கயிறகத்தின் கண்ணாடிப் பெட்டியில் சாவியை மட்டும்தான் வைத்திருந்தார்கள். தாழ்ப்பாளை வைக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஜெசிந்தா கயிறகத்துக்குப் போய் அமலியின் கயிற்றைத் தன் கையில் கட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கைக்கு அது முதல் கயிறு. அன்று இரவு அமலியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

காலையில் அமலியின் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தூங்குனியாட்டி?" என்றாள்.

"நல்லாத் தூங்குனேன்க்கா" என்றாள் அமலி. ஜெசிந்தாவுக்குள் ஒரு நொடி பழைய பொறாமை சுருக்கென்றது. உடனே அது போய்விட்டது.

அப்போது பிலோமியின் வருங்கால மாமியார் நடைவழியில் வருவதைக் கிளாரம்மா பார்த்துவிட்டாள். கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். தளம் முழுவதும் கேட்கும்படி, ஈரம் சொட்டும் குரலில் கேட்டாள்:

"ஜெசிந்தா, தூங்குனியாம்மா?"

இத்தனை வருடம் அவள் ஏங்கிய அதே குரல். இரவெல்லாம் விழித்த கண்கள் எரிந்தன.

"தூங்குனேன் மாமி" என்றாள் ஜெசிந்தா, அதே அளவு சத்தமாக.