பிறந்து ஒரு விநாடிகூட ஆகாத விருந்தாளி

“நம்ம வகுப்போட கடைக்குட்டி இன்னும் பிறக்கவே இல்லை! ஆனா இன்னும் பத்து நிமிஷத்துல இங்க வந்துடுவான். மூணு மலை உயரத்திலிருந்து தனியா இறங்கி, கதவைத் தட்டாம, கூரை வழியா வருவான். வந்து சேர்றப்போ அவனுக்கு வயசு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது!”

நாற்காலி மேல் ஏறி நின்று லிசெத் இப்படி அறிவித்ததும், ஜெனீவா நகரமே மூச்சை நிறுத்தியது. ஏரியில் நீந்திக்கொண்டிருந்த அன்னங்கள்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. சரி, அன்னங்களை விட்டுவிடுவோம். வகுப்பிலிருந்த பத்தொன்பது பிள்ளைகளும் மூச்சை நிறுத்தியது நிஜம்.

முசியே போர்னான் மட்டும் நிறுத்தவில்லை. “ஹூம்!” என்றார்.

அவர் பள்ளிக்கூடத்தின் காவலாளி. சாவிக்கொத்து முழங்கால்வரை தொங்கும். மீசையோ, தாழ்வாரத்தை இரண்டு முறை பெருக்கலாம், அவ்வளவு பெரியது. இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கைக்கடிகாரப் பட்டறையில் பழுது பார்த்தவர். தன் கடிகாரம் சொன்னால் ஒழிய, சூரியன் உதித்ததைக்கூட நம்ப மாட்டார்.

அவரை இன்று வகுப்புக்கு அழைத்ததற்குக் காரணம் மேசை மேல் இருந்தது. சாக்லேட்டில் செய்த பெரிய சட்டி! உள்ளே பாதாம் இனிப்பில் செய்த குட்டிக் கேரட்டுகள், குட்டி முட்டைக்கோசுகள். நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்க் கோட்டைச் சுவரேறி வந்த எதிரிகளின் தலையில் ஒரு அம்மாள் கொதிக்கிற சூப்பைச் சட்டியோடு கவிழ்த்தாளாம், அந்த நாள் இன்று. அறையில் இருப்பவர்களில் மூத்தவரும் இளையவரும் கை கோத்து, “குடியரசின் எதிரிகள் இப்படித்தான் அழிந்தார்கள்!” என்று கத்திச் சட்டியை உடைக்க வேண்டும்.

மூத்தவர் முசியே போர்னான். அதில் சண்டையே இல்லை.

இளையவர் யார்? அதில்தான் சிக்கல்.

லிசெத் பிறந்தது ஜூலை முப்பத்தொன்று, மாலை நாலு பத்துக்கு. போன வசந்தத்தில் எரித்ரியாவிலிருந்து வந்து சேர்ந்த ராஹ்வாவும் அதே வருஷம், அதே ஜூலை முப்பத்தொன்றுதான். அவளுடைய காகிதத்தில் நேரம் இல்லை.

“எங்கம்மாவுக்கு ஞாபகம் இருக்கு. கோயில் மணி அடிச்ச அப்புறம், காப்பி கொதிக்கிறதுக்கு முன்னாடி” என்றாள் ராஹ்வா.

“எந்தக் காப்பி? மத்தியானக் காப்பியா, சாயங்காலக் காப்பியா?” என்று கேட்டான் கஸ்பார்.

ராஹ்வாவுக்குத் தெரியவில்லை.

“அப்ப லிசெத்துதான்! போன ரெண்டு வருஷமும் அவதானே உடைச்சா!” என்று பாதி வகுப்பு கத்தியது. மீதி வகுப்பு, “அதனாலதான் இந்த வருஷம் ராஹ்வா!” என்று கத்தியது.

“லிசெத்தே உடைக்கட்டும்” என்றாள் ராஹ்வா, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் லிசெத்துக்கு ஒரு விஷயம் தெரியும். வாரம் முழுக்க ராஹ்வா கோட்டு மாட்டும் மூலையில் ஒளிந்து நின்று, “குடியரசின் எதிரிகள்…” என்று முணுமுணுத்துப் பழகினாள். அடுத்த வருஷம் எல்லாரும் பெரிய பள்ளிக்குப் போய்விடுவார்கள். இருவருக்கும் இதுதான் கடைசிச் சட்டி. லிசெத்துக்கும் ஆசை இல்லாமலா? சட்டியைப் பார்க்கும்போதே உள்ளங்கை குறுகுறுத்தது.

“ரெண்டு பேரும் சேர்ந்து உடைச்சா என்ன?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“கூடவே கூடாது” என்றார் முசியே போர்னான். “மூத்தவர் ஒருத்தர், இளையவர் ஒருத்தர். ஆளாளுக்குக் கை வெச்சா அதுக்குப் பேர் திருவிழா இல்ல, சந்தைக் கடை.”

அப்போதுதான் லிசெத்தின் கண் ஜன்னலோரம் போனது. அங்கே அறிவியல் பாடத்துக்காகச் செய்த மேகப்பெட்டி இருந்தது. பழைய மீன்தொட்டி, உள்ளே ஆல்கஹாலில் நனைத்த துணி, அடியில் உலர்பனிக்கட்டி. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய மூட்டம் தெரியும். கண்ணுக்குத் தெரியாத குட்டித் துகள்கள் அதில் பாய்ந்தால் வெள்ளைக் கோடு விழும்.

எங்கள் இரண்டு பேரையும்விடச் சின்னவன் ஒருத்தன் இருந்தால்? உடனே நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.

“யாரு அந்த விருந்தாளி?” என்றார் முசியே போர்னான்.

“அவன் பேரு மியூவான், முசியே. ஒரு குட்டித் துகள். விண்வெளியிலிருந்து வர்ற கதிர் நம்ம காத்து மேல மோதுறப்போ பிறக்கிறான். பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துல.”

“மோன் பிளாங் மலை மேல மோன் பிளாங், அதுக்கும் மேல இன்னொரு மோன் பிளாங்” என்று கஸ்பார் கைகளால் அடுக்கிக் காட்டினான்.

“அவன் ஆயுசு ரொம்பக் கம்மி. ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டா நறுக்கினா, அதுல ரெண்டே துண்டு!”

முசியே போர்னான் கணக்குப் போட்டார். கடிகாரக்காரர் அல்லவா, விநாடியை நறுக்குவது அவருக்குப் பிடித்த வேலை. “எவ்வளவு வேகத்துல வர்றான்?”

“ஏறக்குறைய வெளிச்சத்தோட வேகம்.”

“அப்படி ஓடினாலும் ரெண்டு துண்டு நேரத்துல அறுநூறு மீட்டர்தான் வரலாம். இங்கேருந்து டிராம் நிறுத்தம் வரைக்கும்தான்! மூணு மலையில மேல் மலை உச்சியைத் தாண்டுறதுக்குள்ள கதை முடிஞ்சுது. மாட்டிக்கிட்டியா?” மீசை வெற்றியில் ஆடியது.

“மாட்டல! அவ்வளவு வேகமா ஓடுறவனோட கடிகாரம், நின்னு பாக்கிற நமக்கு மெதுவா ஓடும். நம்ம கடிகாரத்துல அம்பது துண்டு போறதுக்குள்ள அவனோடதுல ரெண்டு மூணுதான் போகும்.”

“மெதுவா ஓடுதா?” முசியே போர்னானின் முகம் சிவந்தது. “மெதுவா ஓடுற கடிகாரத்துக்குப் பேர் பழுது! கொண்டா இங்க. திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்.”

வகுப்பே சிரித்தது.

“பழுது இல்ல, முசியே. அவன்கூடவே ஓடிப்போய்ப் பாத்தா அது சரியாத்தான் ஓடும். உலகத்திலேயே நல்ல கடிகாரத்தைக் கட்டி அனுப்பினாலும் இப்படித்தான். மெதுவாகுறது பல் சக்கரம் இல்ல, நேரமே மெதுவாகுது!”

“அப்படின்னா நான் மாடிப்படியில ஓடுறப்போ?”

“உங்களுக்கும் மெதுவாகும். ஆனா நூறு வருஷம் ஓடினாலும், கண் சிமிட்டுற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குகூட மிச்சமாகாது. வெளிச்சம் மாதிரி ஓடணும்.”

“ஹூம். கையில்லாத பயல் சட்டியை எப்படி உடைப்பான்?”

“போன வருஷம் சின்ன வகுப்புக் கடைக்குட்டிக்கு மேசை எட்டல. ‘ரெண்டு பேர் தூக்கிப் பிடிங்க, அவன் சார்பா அடிங்க’ன்னு சொன்னது யாரு?”

“நான்தான்” என்றார் அவர், மீசைக்குள்ளேயே.

“அப்ப மியூவான் சார்பா ராஹ்வாவும் நானும்.”

ஆசிரியை மதாம் தூவால் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முதல்ல அவன் வரட்டும்” என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார் முசியே போர்னான். “அஞ்சு நிமிஷம். என் கண்ணால பாக்கணும்.”

திரைச்சீலையை இழுத்தார்கள். ராஹ்வா டார்ச்சைப் பிடித்தாள். பத்தொன்பது மூக்குகள் கண்ணாடியில் ஒட்டின.

ஒரு நிமிஷம். ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம். மூட்டம்கூடக் கலைந்துவிட்டது.

“வண்டியைத் தவறவிட்டுட்டான் போல” என்றார் முசியே போர்னான்.

மூன்று நிமிஷம். லிசெத் கண்ணாடியோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். நேற்று முழுக்கக் கோடு கோடாக விழுந்ததே! இன்றைக்கு என்ன ஆயிற்று?

ராஹ்வா மட்டும் பெட்டிக்குள்ளே பார்க்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் சுடுது! கீழ ஹீட்டர் எரியுது. குளிர் இல்லாம மேகம் எப்படி நிக்கும்?”

காலையில்தான் முசியே போர்னான் பிள்ளைகளுக்குக் குளிருமே என்று அதை முழுசாகத் திருகிவிட்டிருந்தார். இப்போது யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

நாலு பேர் பெட்டியை அலுங்காமல் தூக்கி, குளிர்ந்த மூலைக்குக் கொண்டுபோனார்கள். ராஹ்வா மறுபடி டார்ச் அடித்தாள். மெல்ல மெல்ல மூட்டம் இறங்கியது.

“நாலே முக்கால் நிமிஷம்” என்றார் முசியே போர்னான். ஆனால் அவர் குனிந்த வேகத்தில் மீசை நுனி இரண்டும் கண்ணாடியைத் துடைத்தன.

குட்டையாய், தடிப்பாய் ஒரு புகைத்துண்டு தெரிந்தது.

“இவனா?” என்றார் முசியே போர்னான்.

“இவன் இல்ல. இது வேற துகள், பக்கத்து ஆளு. அவன் நேரா, மெலிசா, நீளமா வருவான்.”

சரக்!

சத்தம் எதுவும் வரவில்லைதான். ஆனால் எல்லார் காதிலும் கேட்டது. பெட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நூல் பிடித்தது போல ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கணம் மிதந்தது. கரைந்தது.

முசியே போர்னான் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார்.

பிறகு எழுந்துபோய்ச் சட்டியின் முன்னால் நின்று, வலது கையை நீட்டினார். “அவன் சார்பா வர்றவங்க, வாங்க.”

இரண்டு சின்னக் கைகள் அந்தப் பெரிய கையைப் பிடித்துக்கொண்டன. “குடியரசின் எதிரிகள் இப்படித்தான் அழிந்தார்கள்!” என்று ராஹ்வா கத்திய கத்தலில் ஏரியின் அக்கரைவரை ஜன்னல்கள் அதிர்ந்திருக்கும். சட்டி நூறு துண்டாகச் சிதறியது. கஸ்பாரின் சட்டைப்பையில் மட்டும் எப்படியோ நாலு கேரட் விழுந்தன.

ஒவ்வொரு வருஷமும் உடைத்தவர்களின் பெயரை வகுப்புக் குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம். மதாம் தூவால் பேனாவை எடுத்தார்.

“மூத்தவர் முசியே போர்னான். இளையவர்னு என்ன எழுத? நாளைக்குத் தலைமையாசிரியர் கேட்டா நம்புவாரா?”

முசியே போர்னான் வாயிலிருந்த சாக்லேட்டை விழுங்கினார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“மியூவான்னு எழுதுங்க, மதாம். பத்து நாப்பத்திரண்டுக்கு வந்தான். என் கண்ணால பாத்தேன்.”