பின்னறையின் ஒற்றைத் தட்டு

மைசூரில் கடல் கிடையாது. ஆனால் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடந்தது. ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி ஒருவரின் ஆசைக்காக மங்களூரிலிருந்து மூன்று துண்டாக லாரியில் வந்து, நஞ்சன்கூடு சாலையோரம் காட்சிக்கூடமாக நின்றது. பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று பார்த்த காலமும் உண்டு. அதிகாரி கண்ணை மூடியதும் அதைச் சீந்துவார் இல்லை. துரு செதில் செதிலாக உதிர்ந்து, பார்த்தீனியம் இடுப்பளவுக்கு மண்டிய பிறகு, தொண்ணூற்றேழில் பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதை அறுத்துப் போடத்தான் ஹனூர்க்காரன் உதயகுமார் கேஸ் கட்டரோடு வந்தான். கூடவே தம்பி விஜய்குமார். தகப்பன் போன பின் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அங்கே காவலுக்கு மிஞ்சியவர் லிங்கப்பன் ஒருவர்தான். கொள்ளேகால்காரர், ஒருகாலத்தில் கப்பலில் மாலுமி. முதல் நாளே இருவரையும் உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். எண்ணெய்ச் சிக்கும் வௌவால் புழுக்கையும் ஈர இரும்பும் கலந்த வாடை மூக்கைத் துளைத்தது. கடைசி அறையின் வட்டக் கதவுக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"இதுக்குள்ளார மட்டும் போவாதீங்க தம்பி. பூட்டிக் கெடக்குற அறையில துரு காத்தத் தின்னுபோடும். தப்பித் தவறி மாட்டிக்கிட்டா செவுத்தத் தட்டோணும். ஒரு தட்டுன்னா நல்லாருக்கறேன், பொறுமையாத் தொறங்கன்னு அர்த்தம். ரெண்டுன்னா மூச்சு முட்டுது. எங்க கப்பல்ல அதான் வழக்கம்."

விஜய் சிரித்தான். "கடலே இல்லாத ஊர்ல முழுகவா போறம்?"

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. செம்புக் குழாய்க்கு ஆசைப்பட்டு விஜய் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனான். அது தெரியாமல் உதயகுமார் வெளியே, கப்பலைத் தாங்கி நின்ற இரும்புக் காலை அறுத்துவிட்டான். கப்பல் அரையடி சாய்ந்தது. உள்ளே கதவு அறைந்து சாத்திக்கொண்ட சத்தம் கேட்டபோதுதான் அவனுக்கு உறைத்தது.

ஓடினான். கதவைத் திறக்கும் சக்கரம் இறுகிப்போய் அசைய மறுத்தது.

"விஜீ..."

பதில் இல்லை. சுத்தியலால் தட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டரை எடுக்கப் போனவனின் கையை லிங்கப்பன் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி, நெருப்பு வெச்சா உள்ளார இருக்குற எண்ணெய் புடிச்சுக்கும். பையன் நல்லாத்தான இருக்கறான். சீமெண்ணெய் ஊத்தி மெல்லத் திருகலாம்."

ஊற்றினார்கள். கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மாதேஸ்வரனுக்கு முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டு நிமிஷத்துக்கொரு தரம் உதயகுமார் தட்டிப் பார்த்தான். பதில் வந்துகொண்டே இருந்தது. நிதானமான, அவசரமே இல்லாத தட்டு.

ஒன்று.

ஒன்று.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. விஜய் வாசலிலேயே கிடந்தான். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. உதயகுமார் அவனை வாரி எடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

வெளியே நிழலில் கிடத்தினார்கள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து தாடையை அசைத்துப் பார்த்தார். இறுகத் தொடங்கிவிட்டது, உள்ளே போன சற்று நேரத்திலேயே உயிர் பிரிந்திருக்க வேண்டும், இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று கன்னடத்தில் சொன்னார்.

"இல்லீங்க டாக்டர். இப்பக்கூடத் தட்டுனானுங்க."

டாக்டர் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லப் போனார். லிங்கப்பன் தரையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஆறு வருசமா ஒருத்தரும் இங்க எட்டிப் பாக்கல தம்பி. அந்த அறையில இருந்து தட்டுற சத்தம் மட்டும் வரும். மொதல்ல பயந்தேன். தனியாக் கெடந்து கெடந்து, பொறவு நானும் பதிலுக்குத் தட்டுனேன், நல்லாருக்கறேன்னு. அதுவும் ஒண்ணு தட்டும். பேச்சுத்தொணையா இருக்கட்டும்னு உட்டுட்டேன். அந்த ஒத்தத் தட்டு நாந்தான் பழக்குனது."

உதயகுமார் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.

கப்பலுக்குள் கதவு சாத்திக்கொண்டது.

பிறகு, இரண்டு தட்டு.

மறுபடியும் இரண்டு.

லிங்கப்பன் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு நான் பழக்கலயே," என்று முணுமுணுத்தார்.

தம்பி காலடியில் துண்டு போர்த்திக் கிடந்தான். அது உதயகுமாருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் லிங்கப்பனின் சட்டையை விட்டுவிட்டுக் கப்பல் பக்கம் திரும்பினான். இரண்டு, இரண்டு என்று உள்ளே யாரோ மூச்சுக்குத் தவித்துத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

காலையில் பொறுத்தது போதும்.

எண்ணெய் பிடித்துக்கொள்ளும் என்று லிங்கப்பன் அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறியதையும் பொருட்படுத்தாமல், அவன் கட்டரைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.