மேசைமேல் ஊர்

கிருசாந்தி குழாயை இறுக்கி மூடினாள். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லை.

அது சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து வந்தது. எங்கோ ஆழத்தில், இருட்டில், மண்ணை நக்கிக்கொண்டு போவதுபோல. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் பிற்பகலிலேயே பொழுது கறுத்துவிடும் டிசம்பர். யதொல்லா கிழவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டால் அவளுடைய பராமரிப்பு வேலை இன்றைக்கு முடிந்தது. தன் வீட்டில் மகள் சாரங்கி காய்ச்சலோடு தனியே படுத்திருந்தாள்.

மேசை முழுக்கக் கிழவரின் ஊர் பரந்து கிடந்தது. ஈரானில், பாலைநிலத்தின் ஓரத்தில் இருந்த ஊர். வடக்கே, மடித்து வைத்த கம்பளிச் சால்வைதான் மலை. மலையடியிலிருந்து நிலத்துக்குக் கீழே வெட்டிய வாய்க்கால் ஒரு கறுப்பு நூல். அதன்மேல் கிணறுகளாகப் பொத்தான்கள். நூலின் இருபுறமும் சீனிக்கட்டி வீடுகள். தேய்ந்த டேனிஷில், நடுங்கும் விரலால் தொட்டுத் தொட்டு, அவர் தினமும் ஆட்களைச் சொல்லுவார்: இது குருட்டு நெசவாளி, இது இரட்டைப் பிள்ளைக்காரி, வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு விதவையும் அவளுடைய ஆடும். மேசையைத் துடைக்க மட்டும் விடமாட்டார்.

"ஊர்ச்சனம் சுகமோ ஐயா?" என்று பகிடியாகக் கேட்டாள்.

"உள்ளுக்குத்தான் இருக்கினம். வெளியிலை குளிர்."

அவள் தனக்கும் ஒரு வெறும் தேநீர் ஊற்றினாள். மாத்திரைப் பெட்டியைத் திறந்தபடியே, பார்க்காமல் மேசைக்குக் கை நீட்டி ஒரு சீனிக்கட்டியை எடுத்துப் பல்லிடையில் வைத்துத் தேநீரை உறிஞ்சினாள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்து வளர்ந்த பழக்கம். கிழவரும் கட்டியைக் கடித்துத்தான் குடிப்பார். முதல் நாள் அதைப் பார்த்து இருவரும் சிரித்திருந்தார்கள்.

கட்டி கரையவில்லை. உடல்சூடு போல ஒரு இளஞ்சூடு. கடித்தபோது நாக்கில் இனிப்பில்லை. சுட்ட மண், புகை, ஆட்டுமயிர். பல்லுக்குள் ஏதோ மெல்லத் தட்டியது. கதவைத் தட்டுவதுபோல. பயத்தில் விழுங்கிவிட்டாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கிழவர் நூலின் முனையில் இருந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"விதவையின்ரை வீடு," என்றார். கோபமில்லை. "ஆடுதான் முதல் கத்தியிருக்கும். கேட்கேல்லையோ?"

"தெரியாமல் எடுத்திட்டன் ஐயா. சீனிப் பெட்டியிலை வேறை கட்டி கிடக்கு. வைச்சு விடுறன்."

"வெறும் வீடு ஊரிலை நிக்காது. ஆள் வேணும்."

அவரே ஒரு கட்டியை எடுத்தார். நகத்தால் ஒரு கதவு கீறினார். ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு நட்சத்திரம். சாரங்கி போன கிழமை தன் அறை ஜன்னலில் ஒட்டிய கடதாசி நட்சத்திரம். அதைப்பற்றிக் கிருசாந்தி இங்கே சொன்னதே இல்லை.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனி. ஓடமாட்டாள்."

கட்டியை நூலின் முனையில் வைத்தார். மேசைக்கடியில் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

அவள் கைபேசியை எடுத்தாள். மணி அடித்தது. அடித்தது.

"அம்மா." சாரங்கி டேனிஷில் பேசினாள். "ரோட்டைக் காணேல்லை. வெளியிலை முழுக்க மேசைவிரிப்பு மாதிரி வெள்ளை."

"கதவைத் திறவாதை. இப்ப வாறன்."

"ஒரு ஆடு கத்துது அம்மா. சுவருக்கு உள்ளை."

கிருசாந்தி கட்டியை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொட்டால் உதிரும்," என்றார் கிழவர்.

கை அந்தரத்தில் நின்றது.

அவர் தன் தேநீர்க் கிளாஸைத் தூக்கினார். விளிம்புவரை தேநீர். ஆவி பறந்தது. ஒரு சொட்டு சால்வை மலையில். ஒன்று பொத்தான் கிணற்றில்.

"அம்மா, கூரை ஒழுகுது."

"ஐயா. வேண்டாம். அவள் சின்னப் பிள்ளை."

"விதவையும் இப்பிடித்தான் ஆரையேன் கூப்பிட்டிருப்பாள்."

"அம்மா, சுடுது."

நட்சத்திரத்துக்கு நேர் மேலே கிளாஸ் மெல்லச் சரிந்தது. எப்போதும் நடுங்குகிற அந்தக் கை, இப்போது நடுங்கவில்லை.