துணி அவிழ்ப்பவன்

அன்று கட்டியிருந்ததெல்லாம் பச்சைத் துணி. கிராம்பு மரத்தில் தொங்கியதோ மஞ்சள்.

ஸ்ரீஸ்கந்தராஜா பிரேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். பினாங்கு மலையில், ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு மேலே, பாலிக் புலாவ் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள் வழியாக ஓடைப் பாலத்துக்கு இறங்கும் பாதை; அதன் வாயில் ஹபீப் முகம்மது கட்டிவிட்டுப் போன பச்சைத் துணி காற்றில்லாத பிற்பகலில் ஆடாமல் தொங்கியது. இடப்பக்கம் மூங்கில் புதருக்குள் நுழையும் தடம், டுரியான் தோட்டக்காரர்கள் ஓடையிலிருந்து தண்ணீர்க் குழாய் இழுக்கப் போட்டது. அதில் யாரும் சைக்கிள் விடுவதில்லை. மஞ்சள் அந்தப் பக்கம் தொங்கியது.

மஞ்சள் துணி இனிமேல் உலகத்திலேயே இருக்கக்கூடாது. அவன்தான் அத்தனையையும் கெலுகோரில் தன் வீட்டுப் பின்கட்டில், மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை அவர்கள் நான்கு பேர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹபீப், அவருடைய மைத்துனர் யூசுப், துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதிய நல்லமுத்து, ராஜா என்று அவர்கள் கூப்பிடும் இவன். தொண்ணூற்றொன்றில் ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கினார்கள். ஹபீப் கடைப்பெயர் அச்சடித்த சாம்பல் நிறச் சட்டையை நாலு பேருக்கும் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் மலை. முன்னால் போகிற ஹபீப் ஒவ்வொரு பிரிவிலும் துணி கட்டிக்கொண்டே போவார். கடைசி ஆள் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அப்படி அவிழ்க்காவிட்டால் அடுத்த வாரம் எது புதுசு எது பழசு என்று தெரியாமல் போய்விடும். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான்: தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே அவிழ்க்கலாம். ஓடைப் பாலத்தில் நின்று ஹபீப் "கடைசி யாரு?" என்று குரல் கொடுப்பார். "நான்தான் கடைசி, எல்லாம் வந்தாச்சு" என்று பதில் வந்தால்தான் அங்கிருந்து கிளம்புவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஞாயிறு மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. கடைசி ஆள் ராஜா. தோட்டக் குடிசையில் ஒதுங்கி, ஃபிளாஸ்க்கிலிருந்த காப்பியை நிதானமாகக் குடித்துவிட்டு வந்தான். பாதையில் டயர் தடம் தெரிந்தது. நல்லமுத்து கடந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். பார்க்கவில்லை, நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். எல்லா மஞ்சள் துணியையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கி, பாலத்துக்கு வருமுன்னே அந்தப் பதிலையும் சொல்லிவிட்டான். மழைக்குப் பயந்து நல்லமுத்து நேரே வீட்டுக்கு ஓடிவிட்டதாக மூன்று பேரும் சிரித்தார்கள். இரவாகியும் நல்லமுத்து வீடு வரவில்லை. போலீஸ் கேட்டபோது ராஜா, "எனக்கு முன்னாடிதான் போனாரு, கீழே பெரிய வளைவுல பாத்தேன்" என்றான். அதனால் ஐந்து நாள் கீழ்ப் பள்ளத்தாக்கிலேயே தேடினார்கள். மேலே ஒருத்தரும் தேடவில்லை.

இன்று மதியம் புறப்படும்போது நல்லமுத்துவின் மனைவி வள்ளியம்மா சுங்கை பினாங்கிலிருந்து பஸ் பிடித்து அணைக்கட்டுக்கு வந்திருந்தாள். முன்பும் தன் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துத் துணி கொடுத்தவள் அவள்தான். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

"பச்சச் சேலையக் கிழிச்சுக் கொண்டாந்தேன். இனி மஞ்சள் வேணாம்னு தோணுச்சு தம்பி" என்றவள், அவனை மட்டும் தள்ளிக் கூட்டிப்போய், "அவரு உங்களுக்கு முன்னாடிதானே போனாரு? கண்ணால பாத்தீங்கதானே?" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாக்கா. வளைவுல பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியாமல்தான் அவனே வலியப் போய் இன்றும் கடைசி ஆள் வேலையைக் கேட்டு வாங்கினான். தனியாக வந்தால் மேல் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம். ஏதாவது கிடைத்தால், தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று சொல்லி, அவளுக்கு ஒரு முடிவைக் கொடுக்கலாம். தன் பொய்யும் வெளியே வராது. "மழ வர்ற மாதிரி இருக்கு, லேட் பண்ணாதீங்க லா ராஜா" என்று சொல்லிவிட்டு ஹபீப் முன்னால் போயிருந்தார்.

இப்போது அவன் மஞ்சள் துணியைத் தொட்டான். இன்னும் மழை இறங்கவில்லை, ஆனால் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டபோது மூங்கில் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. மக்கிய இலையும் உதிர்ந்த டுரியான் ஓடும் கலந்த மலை வாடைக்கு நடுவே, தனியாக, காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. பஞ்சர் ஒட்டும் பசை.

பின்னால் மேட்டில் எங்கோ ஒரு தளர்ந்த மட்கார்டு அடித்துக்கொள்ளும் சத்தம். க்ளக். க்ளக். நல்லமுத்துவின் சைக்கிள் அப்படித்தான் சத்தம் போடும். அதை வைத்தே அவனைக் கேலி செய்வார்கள். ராஜா திரும்பிப் பார்த்தான். பாதை காலியாக இருந்தது. அவன்தான் கடைசி ஆள், பின்னால் வர யாரும் இல்லை.

பழக்கத்தில் கை தானாகப் பச்சைத் துணியை அவிழ்த்துப் பையில் போட்டது. சைக்கிளைக் கிராம்பு மரத்தில் சாய்த்து, நீல ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மூங்கிலுக்குள் நுழைந்தான்.

உள்ளே வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. கறுப்புத் தண்ணீர்க் குழாய் பாதையோரமாகவே நீண்டது. அதற்குள் தண்ணீர் ஓடும் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுப்பது மாதிரி, கூடவே வந்தது. அடுத்த மஞ்சள் ஒரு பாறை இடுக்கில் இருந்தது. அதற்கடுத்தது குழாயின் மூட்டில். பிறகு ஒரு வேரில். தடம் வளைந்து வளைந்து ஓடைப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பசை வாடை கூடிக்கொண்டே வந்தது. நாலாவது துணியைத் தாண்டியதும் என்னவோ தோன்றித் திரும்பினான்.

வேரில் துணி இல்லை.

குழாய் மூட்டிலும் இல்லை.

சில்வண்டுச் சத்தம் ஒரேயடியாக நின்றுபோனது. அந்த அமைதியில் முதல் மழைத்துளி இலைமேல் விழுந்தது கேட்டது. திரும்பிப் போக வேண்டும். ஆனால் திரும்பும் வழியில்தான் யாரோ துணியை அவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். முன்னால் போனான். தடம் முடிந்து ஒரு செம்மண் சரிவு வந்தது. கால் வழுக்கி, இருபது அடி சறுக்கி, ஓடைக்கரையில் போய் விழுந்தான்.

எழுந்தபோது நல்லமுத்துவின் சைக்கிள் எதிரே இருந்தது.

தலைகீழாக நிறுத்தியிருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றிப் பாறைமேல் படுக்க வைத்திருந்தது. டியூப் பாதி தண்ணீரில் கிடந்தது. புரிந்துவிட்டது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அவன் இங்கே இறங்கியிருக்கிறான். பக்கத்தில் உப்புத்தாள், பசை டியூப், வட்டமாக வெட்டிய ஒட்டு, எல்லாம் வரிசையாக. ராஜா ஒட்டைத் தொட்டான். விரலில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. பசை இன்னும் காயவில்லை.

நல்லமுத்து இல்லை. எலும்பில்லை, செருப்பில்லை. ஈர மண்ணில் கால்தடம் மட்டும், புதுசாக, சரிவை நோக்கிப் போனது. ராஜா சரிவுக்கு ஓடினான். ஏறினான். மண் கையோடு வந்தது. மறுபடி ஏறினான். அப்போதுதான் பார்த்தான்: சரிவு முழுக்கக் கீறல். பத்து விரல் கீறல். ஒன்றன்மேல் ஒன்றாக, பழசு, புதுசு, ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஓடை அவன் கண்முன்னே பழுப்பாகி ஏறியது. இடுப்பளவு, நெஞ்சளவு. இனி இறங்கித் தாண்ட முடியாது. நிமிர்ந்து அக்கரையைப் பார்த்தான்.

நேர் எதிரே, ஐம்பது அடி உயரத்தில், கிராம்பு மரம்.

வளைந்து வந்த தடம் அவனைப் பிரிவுக்கு எதிரிலேயே கொண்டுவந்து விட்டிருந்தது. இங்கிருந்து எல்லாம் தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்திருக்கும். மழையில் ஒருத்தன் வந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் துணியை அவிழ்த்துக்கொண்டு போனதை நல்லமுத்து இங்கே நின்று பார்த்திருக்கிறான். கத்தியிருக்கிறான். தொண்டை கிழியக் கத்தியிருப்பான்.

மரத்தடியில் ஒரு ஆள் நின்றது.

சாம்பல் சட்டை. மார்பெல்லாம் செம்மண்.

"நல்லமுத்து!" ராஜா அலறினான். "டேய், மன்னிச்சிருடா! சொல்லிடறேன், அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்!"

ஓடை அந்தக் குரலை அங்கேயே விழுங்கியது. அந்த ஆள் திரும்பவில்லை. நீல ஹெல்மெட்டை எடுத்தது. தலையில் வைத்தது. வாரை நிதானமாகப் பூட்டியது.

கீழே பாலத்திலிருந்து ஹபீபின் குரல் மெல்லிசாக வந்தது.

"கடைசி யாரு?"

"நான்! ஹபீப் அண்ணே! இங்க இருக்கேன்!"

பதில் மரத்தடியிலிருந்து போனது. இவன் குரலில். அதே இழுவை, அதே அலுப்பு.

"நான்தான் கடைசி. எல்லாம் வந்தாச்சு."

கீழே யூசுப் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. இவன் வராததற்காக இனி யாரும் காத்திருக்க மாட்டார்கள். யாரும் தேட மாட்டார்கள். எல்லாரும் வந்தாயிற்று. அது இன்று ராத்திரி கெலுகோரில் இவன் வீட்டுக்குப் போகும். கதவைத் தட்டும். இவன் மனைவி திறப்பாள்.

ராஜா மண்ணில் விரல்களைப் பதித்தான். பின்னால், பாறைமேல் கிடந்த சக்கரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

அக்கரையில் ஒரே ஒரு மஞ்சள் துணி பாக்கி இருந்தது. அந்த ஆள் இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்து, மழைத்தண்ணீர் வடியப் பிழிந்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டு, ராஜாவின் சைக்கிளில் ஏறி இறங்கிப் போனது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.