வெற்று அறையின் சத்தம்

ஒலிப்பதிவில் பிள்ளைகள் சிரித்தார்கள். எதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பதுதான் அதில் இல்லை.

லைப்ரரி மிஸ் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் ஓட்டிக் கேட்டாள். ஒரு பையன் கேள்வி கேட்கிறான். பிறகு ஒரு வெறுமை. பிறகு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த வெறுமையில் பேசியவள், வாய் ஓயாததால் வகுப்பே ‘ரேடியோ’ என்று கூப்பிடும் ஒரு சிறுமி. அவள் குரலை நீக்கியது மிஸ்தான். குரல் கொஞ்சம் கரகரத்து மங்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள், இப்படிச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போகும் என்று நினைக்கவில்லை. குரல் போனால் போகட்டும், அவள் மேசையில் தாளம் போட்ட சத்தமும் மூக்கை உறிஞ்சிய சத்தமும் எங்கே போயின என்பதுதான் உறுத்தியது.

லைப்ரரி என்றால் ஊசி விழுந்தாலும் கேட்க வேண்டும் என்று இத்தனை காலம் ஓட்டியவள் அவள். பிள்ளைகள் வைத்த பெயர் ‘உஷ் மிஸ்’. அப்படிப்பட்டவள் தலையில்தான் தலைமையாசிரியை பாட்காஸ்ட்டைக் கட்டினார். படித்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் வாராவாரம் பேச வேண்டுமாம், பெற்றோர்கள் போனில் கேட்பார்களாம். கிழிந்த புத்தகங்கள் கிடந்த ஸ்டோர் ரூமின் சுவரிலும் கதவிலும் ஸ்பாஞ்ச் ஒட்டி, மைக்கும் லேப்டாப்பும் வைத்தார்கள். லைப்ரரியின் பழைய மேசை போன் அங்கேயே இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான்.

பதிவுக்கு முன்னால் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். வெற்று அறையின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். ஃபேன் இரைச்சல், டியூப்லைட்டின் ரீங்காரம், அவ்வளவுதான். இதுதான் வேண்டாத சத்தம் என்று லேப்டாப்புக்குக் காட்டிவிட்டால், பதிவு முழுவதிலும் தேடிப்பிடித்துத் துடைத்துவிடும். நேற்று மிஸ் ரேடியோவை மட்டும் உள்ளே உட்காரவைத்தாள்.

“பேசுடி. எவ்வளவு பேசணுமோ பேசு.”

உஷ் மிஸ்ஸே பேசச் சொன்னதும் குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று மூச்சுவிடாமல் அளந்து கொட்டினாள். அதைத்தான் வெற்று அறை என்று லேப்டாப்புக்குக் காட்டினாள் மிஸ். அப்போது அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மதிய இடைவேளையில் சிறுமியின் அம்மா அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“நேத்து சாயந்திரத்துலேருந்து பேச்சே வரல மிஸ். தொண்டையில ஒண்ணுமில்லங்கிறாரு டாக்டர். இங்க எதையாவது பாத்து பயந்துட்டாளா?”

“எனக்கென்ன தெரியும்? கத்திக் கத்தித் தொண்ட கட்டியிருக்கும்.”

சிறுமி மிஸ்ஸைப் பார்த்தாள். காலைத் தூக்கி, ஷூவோடு தரையில் ஓங்கி மிதித்தாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. மிஸ் கவனித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. பள்ளி விட்டு, வராந்தாவில் கடைசிப் பிள்ளையின் காலடியும் ஓய்ந்த பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போனாள். ஸ்பாஞ்சின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. கதவு தானாகச் சாய்ந்து சாத்திக்கொள்ள, வெளியே இருந்த சாலையும் மரமும் காக்கையும் ஒரே நொடியில் இல்லாமல் போயின. நேற்றைய சத்தத்தை அழிக்கப் பார்த்தாள். அழிக்க வழியில்லை. புதிதாக ஒன்றைப் பிடித்து அதன்மேல் வைக்கத்தான் முடியும்.

சரி, இந்தத் தடவை முறையாகச் செய்துவிடலாம். மின்விசிறி சுழன்றது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாள். பயத்தில் நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. குழந்தை பேசிவிட வேண்டும், அது ஒன்றுதான் இப்போது வேண்டும்.

“பேசிடு கண்ணு,” என்று தன்னை அறியாமல் முணுமுணுத்தாள்.

பதிவை நிறுத்தினாள். வெற்று அறை என்று காட்டினாள். துடைக்கும் பொத்தானைத் தட்டினாள்.

உடனே போன் அடித்தது.

“மிஸ், நான்தான், மத்தியானம் பொண்ணோட வந்தேனே. பேசிட்டா மிஸ். இப்பதான், திடீர்னு. நிக்கவே மாட்டேங்கிறா.”

மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லதும்மா, என்றாள்.

“மிஸ்? ஹலோ?”

நல்லதும்மான்னு சொன்னேன்.

“லைன்ல இருக்கீங்களா மிஸ்? ஒண்ணுமே கேக்கலையே.”

மிஸ் தொண்டையைச் செருமினாள். செருமல் வரவில்லை. ரிசீவரை மேசையில் தட்டினாள். அதுவும் இல்லை. வெற்று அறை என்று தான் காட்டிய அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுமுனையில் போன் கை மாறியது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, ரொம்ப ஆசையாக, அந்தக் குரல்.

“பேசுங்க மிஸ். எவ்வளவு பேசணுமோ பேசுங்க.”

கதவை ஒட்டி, வெளியே, மங்கலாகச் செருப்புச் சத்தம். லைப்ரரியைப் பூட்ட வந்த பியூன்.

“மிஸ், உள்ள இருக்கீங்களா?”

இருக்கேன். அண்ணே, இருக்கேன். இங்கதான்.

“போயிட்டாங்க போலிருக்கு.”

தாழ்ப்பாள் விழுந்தது. மெயின் ஸ்விட்ச் அணைந்தது. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. அவள் நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தாள். நாற்காலிக் கால் முறிந்தது. மறுபடி அடித்தாள். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ரத்தத்தின் உப்பு நாக்கில் தெரிந்தது.

இருட்டில் லேப்டாப் மட்டும் விழித்திருந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயை மைக்கோடு ஒட்டவைத்து அவள் கத்திக்கொண்டே இருந்தாள். திரையில் பச்சைக் கோடு ஒரு நடுக்கமும் இல்லாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது.