ஊசி குத்திய இடம்

ஊசியை உருவி ஐந்து நிமிடமாகியும் ரத்தம் நிற்கவில்லை.

மூன்று வயதுப் பையன் கோமியோரின் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள் சவ்ரி. அவசரப் பிரிவில் பதினோரு ஆண்டாகச் செவிலியாக இருப்பவள். சீழும் மலமும் வாந்தியும் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் வக்ஷ் பள்ளத்தாக்கின் ஜூன் மாத வெயில் ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டிருக்க, பையன் மேலிருந்து கிளம்பிய வாடை, ஆட்டுக் கொழுப்பும் துருப்பிடித்த இரும்பும் புளித்த பாலும் கலந்த வாடை, முகக்கவசத்துக்குள் புகுந்து அவள் நாக்கிலேயே படிந்தது. பஞ்சை எடுத்துப் பார்த்தாள். சாயத் தண்ணீர்போல நீர்த்து வழிந்தது. புதுப் பஞ்சை வைத்தாள்.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"மூணு நாளாச்சுக்கா. வெயில் சூடுன்னு மாமியார் சொன்னாங்க," என்றாள் தாய் மொஹ்ரு. அவள் இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை பசியில் சிணுங்கியது.

"ஆட்டுப் பக்கம் போவானா?"

மொஹ்ரு லேசாகச் சிரித்தாள். "அதுதானே இவன் விளையாட்டே! அவங்கப்பா ஆட்டுக் காதுலேர்ந்து உண்ணி பிடுங்கிப் போடப் போட, இவன் ஒவ்வொண்ணா நசுக்குவான். பட்டுப் பட்டுனு வெடிக்குதாம். கையெல்லாம் செவப்பா வந்து நிப்பான்."

சவ்ரி குனிந்து பார்த்தாள். பையனின் நகக்கண்களில் கருஞ்சிவப்பாய் ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. மற்றொரு கையால் சட்டையைத் தூக்கினாள். வயிறெங்கும் ஊதாப் புள்ளிகள்.

அவள் போட்ட சத்தத்தில் மருத்துவர் வாசல்வரை வந்து, பார்த்ததும் அங்கேயே நின்றார்.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தம் பட்டாலே தொத்திக்கும். யாரையும் வெளிய விடாத. கவச உடுப்பு மாட்டிட்டு வர்றேன்."

கதவு சாத்தப்பட்டது.

பையன் இருமினான். மூக்கிலிருந்து ஒழுகியது. பிறகு ஈறுகளிலிருந்து. பல்லெல்லாம் சிவப்பு. எச்சிலோடு கலந்து கீழுதட்டில் வழிந்ததை மொஹ்ரு வெறும் விரலால் வழித்தெடுத்தாள்.

"தொடாத! கையைக் கழுவு!"

"என் புள்ள இவன், அக்கா!"

சவ்ரியால் பஞ்சை விட்டு நகர முடியவில்லை. கையுறைக்கு அடியில் சூடாக ஊறிக்கொண்டிருந்தது. கைக்குழந்தை வீறிட்டது.

"இருடி, இருடி செல்லம்…"

மொஹ்ருவின் கண் மகன்மேலேயே இருந்தது. விரல் தானாக, பழக்கத்தில், கைக்குழந்தையின் வாய்க்குள் போனது.

அழுகை சட்டென்று நின்றது.

"விரலை எடு!" சவ்ரி கத்தினாள்.

கைக்குழந்தை கண் செருகி, தாயின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சப்புக் கொட்டிச் சப்பிக்கொண்டிருந்தது.