ஊதா மூடி ட்யூப்

தடித்த மனிதரின் கையில் ஊசி ஏறியபோது அவர் முகம் சுளிக்கவில்லை, குத்திய அவளுக்குத்தான் வலித்தது. இடது முழங்கையின் மடிப்பில், பிளாஸ்திரிக்கு அடியில், சுருக்கென்று. ரத்தம் எடுக்கப் போன அடுத்த வீட்டிலும் அதே கதை. படியிறங்கும்போது பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தாள். நாலு நாளுக்கு முந்தைய ஊசித் துளை இப்போதுதான் குத்தியது போல ஈரமாக இருந்தது.

அந்தத் துளையைப் போட வைத்தவன் லேப் சூப்பர்வைசர். அவனை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த தையல் டீச்சரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊதா மூடி ட்யூபை எடுத்த கையோடு மெல்லப் புரட்டிப் புரட்டி விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ரத்தம் கட்டிவிடும். அதைச் செய்ய விடாமல், எங்கே இருக்கிறாய், இன்னுமா முடியவில்லை என்று போனிலேயே பிய்த்தெடுத்தான். கீழே வந்து பார்த்தால் ட்யூபுக்குள் கட்டி. மறுபடி மேலே போய் எடுத்து வருகிறேன் என்றாள்.

"வேணாம். ரெண்டாவது தடவ குத்துனா சண்டைக்கு வருவாங்க," என்றான். "ஏன், உன் உடம்புல ரத்தமே இல்லையா?"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். வேலை வேண்டுமா வேண்டாமா என்று அவன் கேட்டபோதுதான் புரிந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, அழுதுகொண்டே தன் கையில் தானே குத்தி நிரப்பி, டீச்சரின் பெயரை ஒட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். ரிப்போர்ட் தங்கமாக வந்தது. வராமல் என்ன, அவளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு.

இன்று மதியம் மழை கட்டிக்கொண்டு நிற்கையில் அவன் மறுபடி கூப்பிட்டான்.

"அந்த டீச்சர் வீட்டுல திரும்ப டெஸ்ட் கேக்குறாங்க. போய் எடுத்துட்டு வா. ஆனா வாயத் தொறந்த, தொலஞ்ச."

"தொறக்கத்தான் போறேன் சார்," என்று போனை வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லி, இந்த முறை டீச்சரின் சொந்த ரத்தத்தை எடுத்து, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் அங்கிருந்து நகர்வதில்லை.

மாடிப்படியிலேயே பவுடர் வாசனை. கூடவே பினாயில், அதற்கும் அடியில் தண்ணீர் மாற்றாத பூச்சாடி போல இனிப்பாக அழுகும் ஒரு நாற்றம். உள்ளே எங்கோ மின்விசிறி முழு வேகத்தில் கடகடத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த டீச்சரின் கணவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாம்மா. மெதுவா வா, தூங்குறா."

"எப்போலேர்ந்து சார்?"

"நீ வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து. பக்கத்து வீட்டம்மா வாய்க்கு வந்தத சொல்லுது. நான் இதக் காட்டிட்டேன்." ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார். "எல்லாம் நார்மல். இன்னொண்ணும் வந்துட்டா வாயடைச்சிரும்."

"சார், அது அவங்க ரத்தம் இல்ல. என்னோடது. என் கையில எடுத்து நான்தான் வச்சேன்."

அவர் அதே சிரிப்போடு நின்றார். "பயப்படாதம்மா. அவ கையில நரம்பு நல்லாத் தெரியும்."

உள்ளறையில் திரைச்சீலைகளை ஊசி குத்திச் சேர்த்திருந்தார். கழுத்துவரை போர்வை. முகம் சுவர்ப் பக்கம். வலது கை மட்டும் வெளியே, மேலே பார்த்தபடி, புள்ளி புள்ளியாகக் கறுத்து. தொட்டாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டது போல இருந்தது.

இந்தப் பொம்பளையைக் கொன்றுவிட்டோம். நானும் அவனும்.

"சார், டீச்சர் போயிட்டாங்க," என்றாள். "போயிட்டாங்க சார்."

"நீ எடும்மா. ரிப்போர்ட் சொல்லட்டும்." கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவரே குனிந்து, பெட்டியிலிருந்து ரப்பர் பட்டியை எடுத்து, மனைவியின் கையில் இறுக்கிக் கட்டினார்.

கட்டிய பிறகு கையை மூடிக்கொள்ளுங்கள் என்பாள். எல்லோரிடமும் சொல்வது. இப்போது சொல்லவில்லை.

டீச்சரின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

நரம்பு எழும்பியது. தடிமனாக.

"பாத்தியா," என்றார் கணவர்.

அவள் ஊசியைத் தொடவேயில்லை. ஆனால் கையில் ஊதா மூடி ட்யூப் இருந்தது. எப்போது எடுத்தாள்? மூடி திறக்கவில்லை. அடியிலிருந்து சிவப்பு ஏறியது. சூடாக. அவளுடைய முழங்கை மடிப்பில் சுருக்கென்றது.

பையில் போன் அடித்தது. அவன்தான். காது கிழியக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தாள். நாக்கு மரத்துக் குளிர்ந்து கிடந்தது.

நிரம்பிய ட்யூபைப் பெட்டியில் வைத்தாள். அடுத்தது. அதற்கும் அடுத்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சுவர்ப் பக்கம் இருந்த முகம் அவள் பக்கம் திரும்பிவிட்டிருந்தது, கன்னத்தில் நல்ல நிறம் வந்திருந்தது. அவளுடைய வெளுத்த விரல்கள் மட்டும், இந்த முறை ஒரு துளிகூடக் கட்டிவிடாமல், ட்யூபை மெல்லப் புரட்டிப் புரட்டி விட்டுக்கொண்டிருந்தன.